காசுப் பாய்ச்சலும் சந்தைப் பெறுமதியும்

ஒரு கம்பனியின் பெறுமதியை அதன் கட்டடங்களையும் பொறிகளையும் கொண்டு அளத்தல் பண்டைய வழக்கு. மென்பொருளையும் இணையத்தையும் முதலாகக் கொண்ட தொழில்நுட்பக் கம்பனிகட்கு அவ்வளவுகோல் பொருந்தாது. அங்ஙனமாயின், அவற்றின் பங்குகளைச் சந்தை எதனைக் கொண்டு மதிப்பிடல் வேண்டும்? ஜோன் பர் வில்லியம்ஸ் என்னும் அமெரிக்கப் பொருளியலறிஞர் 1938ஆம் ஆண்டிலேயே இதற்கு விடை வகுத்தார். ஒரு முதலீட்டின் பெறுமதியாவது, அது வருங்காலத்தில் உரிமையாளருக்கு அளிக்கவிருக்கும் காசு முழுவதினதும் இன்றைய பெறுமதியாம்.

நாளைய ரூபா இன்றைய ரூபாவுக்கு ஈடன்று. பத்தாண்டுகளின் பின் கிடைக்கும் 100 ரூபாவின் இன்றைய பெறுமதி, 5 சதவீதக் கூட்டுவட்டிப்படி ஏறத்தாழ 61 ரூபா; 10 சதவீதப்படி 39 ரூபா மாத்திரமே. வளரும் தொழில்நுட்பக் கம்பனிகள் காசின் பெரும்பகுதியைப் பிற்பட்ட ஆண்டுகளிலேயே ஈட்ட எதிர்பார்க்கின்றன. ஆதலின் வட்டி உயருங்கால் அவற்றின் விலை பெரிதும் தாழும். 2022இல் அமெரிக்க மத்திய வங்கி தன் வட்டி வீதத்தைச் சுழியத்தின் அண்மையிலிருந்து 4 சதவீதத்துக்கு மேல் உயர்த்தியது. அவ்வாண்டில் நாஸ்டாக் சுட்டெண் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு வீழ்ந்தமைக்கு இஃது ஒரு முக்கிய காரணமாகும்.

இலாபமும் காசும் ஒன்றெனக் கொள்வதும் தவறாகும். தேய்மானம் கணக்கில் செலவாகும். ஆயின் அவ்வாண்டில் அதன்பொருட்டுக் காசு வெளியேறுவதில்லை. அமேசன் கம்பனி வாங்குவோரிடம் உடனே பணம் பெற்று, பொருள் வழங்கியோர்க்குச் சில வாரங்களின் பின்னரே செலுத்தி வந்தது. 2002இல் அதன் கணக்கு ஏறத்தாழ 15 கோடி டொலர் நட்டங் காட்டியது. ஆயினும் தொழிற்பாட்டினால் ஏறத்தாழ 17 கோடி டொலர் காசு உட்பாய்ந்தது. முழு ஆண்டு இலாபம் 2003இலேயே முதன்முதல் தோன்றிற்று.

எனினும், நட்டமடையும் கம்பனியெல்லாம் நாளை காசு ஈட்டும் என எண்ணுதல் பேதைமை. 2000 பெப்ரவரியில் பங்குகளைச் சந்தைக்கு விட்ட பெட்ஸ்.கொம் நிறுவனம், கையிருப்புக் குன்ற, அவ்வாண்டு நவம்பரிலேயே மூடுதலை அறிவித்தது. அமேசன் பங்கும் 1999 டிசம்பரில் 100 டொலரைக் கடந்து, 2001இல் 6 டொலருக்குக் கீழ் இறங்கியது. உச்ச விலையில் வாங்கி அச்சத்தில் விற்றவர் தம் சேமிப்பை இழந்தனர்.

சந்தை விலை என்பது வருங்காலக் காசைப் பற்றிய பலரது நம்பிக்கை. அந்நம்பிக்கை மெய்யோ பொய்யோ என்பதை, காலப்போக்கில் வந்துசேரும் காசே தீர்மானிக்கும். பங்கு வாங்க முற்படுவோர் இலாபக் கணக்கோடு காசுப் பாய்ச்சற் கூற்றையும் ஒருங்கே ஆராய்தல் இன்றியமையாதது.