மூலம் இழந்த கடிதங்கள்: தரங்கம்பாடித் தொகுதியும் மீள்மொழிபெயர்ப்பும்

1. முன்னுரை

ஆவணக்காப்பகங்களில் பேணப்படும் கடிதங்கள் பலதிறத்தன. அறிஞர் அறிஞர்க்கு எழுதியவை, பணியாளர் மேலிடத்துக்கு விடுத்தவை, வினாக்களுக்கு விடையாக உள்ளூர் மக்கள் எழுதித் தந்தவை என அவற்றை வகைப்படுத்தலாம். மொழியியலார்க்கு மூன்றாம் வகை மிகுந்த பயன் தருவது. அதே அளவு இடரும் தருவது. இவ்வகைக்குச் சான்றாக, 1712க்கும் 1714க்கும் இடையில் தரங்கம்பாடிப் பகுதியில் தமிழில் எழுதப்பெற்று, இன்று ஜெர்மன் மொழிபெயர்ப்பாக மட்டுமே எஞ்சியுள்ள கடிதத் தொகுதியை எடுத்துக்கொண்டு, அதனை மீண்டும் தமிழாக்குவதில் எழும் சிக்கல்களை விளக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2. தொகுதியின் வரலாறு

டேனிய ஆட்சியிலிருந்த தரங்கம்பாடிக்கு 1706இல் வந்த சீகன்பால்கு, தம் உடன்பணியாளர் கிரண்ட்லருடன் சேர்ந்து, சமயம், ஒழுக்கம், கல்வி, வாழ்க்கை முறை ஆகியன பற்றிய வினாக்களைத் தமிழர்க்கு அனுப்பினார். கிடைத்த விடைகள் ஜெர்மனில் பெயர்க்கப்பட்டுக் குறிப்புகளுடன் ஹாலே நகருக்கு அனுப்பப்பட்டன. அங்கே பிராங்கே நிறுவனத்தார் வெளியிட்ட பணி அறிக்கைகளில் 1714இல் 55 கடிதங்களும், 1717இல் 44 கடிதங்களும் அச்சாயின. இந்த 99 கடிதங்களின் தமிழ் மூலங்கள் கிடைத்தில. 1998இல் கூர்ட் லீபாவ் ஒரு தேர்ந்த பதிப்பையும், 2013இல் ரிச்சர்டு ஃபாக்ஸ் யங்கும் தானியேல் ஜெயராஜும் ஆங்கில மொழிபெயர்ப்பையும் வெளியிட்டனர்.

தொகுதியின் பெயரில் வரும் ‘மலபாரிய’ என்னும் அடை இங்குத் தமிழையே குறிக்கும். சீகன்பால்கு தம் ஜெர்மன் எழுத்துகளில் தமிழை அவ்வாறே வழங்கினார். 1716இல் ஹாலேயில் அச்சான அவருடைய இலத்தீன் வழித் தமிழ் இலக்கணமோ ‘கிரமாத்திகா தமுலிகா’ எனப் பெயர் பெற்றது. இவ்வேறுபாட்டை அறியாதார் இக்கடிதங்களை மலையாளச் சான்றாகக் கொள்ள நேரும்.

3. நான்கு அடுக்குகள்

இப்பாடத்தில் நான்கு அடுக்குகள் உள்ளன. முதலாவது, பணியாளர் விடுத்த வினா. விடையின் போக்கை அதுவே வகுத்தது. இரண்டாவது, தமிழில் எழுதப்பட்ட விடை. மூன்றாவது, பெயர்த்தோர் தந்த ஜெர்மன் வடிவம். நான்காவது, ஐரோப்பிய வாசகரின் ஆதரவை நாடிய அறிக்கைக்காகச் செய்யப்பட்ட பதிப்புப் பணி. இரண்டாம் அடுக்கும் எளியதன்று. பணியாளர்க்கு மொழிபெயர்ப்பாளராக இருந்தவர் ஜெர்மன் ஆவணங்களில் ‘அலெப்பா’ என வழங்கப்படும் அழகப்பன். போர்த்துக்கீசியம் உள்ளிட்ட ஐரோப்பிய மொழிகள் அறிந்தவர். இத்தொகுதியின் ஆக்கத்தில் அவர் பங்கு பெரிது என்பது லீபாவ் முதலியோர் கருத்து. எனவே, 99 கடிதங்கள் என்பதால் 99 எழுத்தாளர் என்று கொள்ளுதல் பொருந்தாது.

4. இழந்தனவும் எஞ்சியனவும்

இலக்கண நிலையில் முதன்மையான இழப்பு தன்மைப் பன்மையில் நேர்கிறது. தமிழில் ‘நாம்’ கேட்போரை உளப்படுத்துவது. ‘நாங்கள்’ அவரை விலக்குவது. ஜெர்மனில் இரண்டிற்கும் ‘வீர்’ என்னும் ஒரே சொல்தான். ‘கடவுள் நம்மைப் படைத்தார்’, ‘கடவுள் எங்களைப் படைத்தார்’ என்னும் இரு தொடர்களும் (இவை விளக்கத்திற்காக யாம் அமைத்தவை) அம்மொழியில் ஒன்றாகிவிடும். சமய உரையாடலில் இவ்வேறுபாடு சிறிதன்று. முன்னது வினவுவோரையும் விடையளிப்போரையும் ஒரே படைப்பாளியின்கீழ் வைக்கிறது, பின்னது பிரிக்கிறது. பழைய எழுத்து வழக்கில் ‘நாம்’ உயர்வு குறித்தும் வரும் என்பதால், சூழலை மட்டும் கொண்டு முடிவு செய்தலும் அரிது.

சொல் நிலையில், பிற சமயத்தாரைக் குறிக்கும் ‘ஹைடன்’ என்னும் ஜெர்மன் சொல்லைக் காண்போம். சீகன்பால்கு 1713இல் தமிழில் அச்சிட்ட சிறுநூல் ‘அக்கியானம்’ என்பதையே தன் பொருளாகக் கொண்டது. அச்சொல்லின் நேர்ப்பொருள் அறியாமை. கடிதம் எழுதியவர் வினாவிலிருந்த சொல்லை எதிரொலித்துத் தம்மை ‘அக்கியானிகள்’ என்றாரா, ‘தமிழர்’ என்றோ வேறாகவோ எழுதியதைப் பெயர்த்தோர் மாற்றினாரா என்பதை ஜெர்மன் பாடம் காட்டாது. ‘அக்கியானிகள்’ என்று இன்று தமிழாக்குவது, எழுதியவர் வாயில் இகழ்ச்சொல்லை இடுவதாக முடியலாம். ‘இந்துக்கள்’ என்பதோ பிற்கால வழக்கை முற்காலத்தில் ஏற்றுவதாகும்.

எஞ்சியனவும் உள. ஜெர்மன் எழுத்தில் அப்படியே ஒலிபெயர்க்கப்பட்ட தெய்வப் பெயர்களும் நூற்பெயர்களும் பெரும்பாலும் அடையாளம் காணத்தக்கவை. சீகன்பால்கு 1708இல் தொகுத்த தமிழ்நூற் பட்டியல் இதற்குத் துணையாகும். 1713இல் அவர் எழுதி, 1867இல் சென்னையில் அச்சேறிய தெய்வ மரபு நூலிலும் தமிழர் கடிதப் பகுதிகள் இடம்பெறுவதால் ஒப்பிட வாய்ப்புண்டு.

5. மொழிபெயர்ப்பாளர் செய்யத்தக்கன

இக்கடிதங்களைத் தமிழுக்குக் கொணர்தல் வேண்டத்தக்கதே. ஐரோப்பியரின் ஒழுகலாற்றைத் தமிழர் எங்ஙனம் மதிப்பிட்டனர் என்பதற்கு இவை அரிய சான்று. ஆயின், ஆக்கத்திற்குப் பழந்தமிழ் நடையின் சாயலை ஏற்றுதல் ஆகாது. 1736இல் தொடங்கும் ஆனந்தரங்கப் பிள்ளை நாட்குறிப்பின் நடையைப் பின்பற்றி ஒருவர் திறம்பட எழுதிவிடலாம். அது பிற்காலத்தில் பதினெட்டாம் நூற்றாண்டு உரைநடையாக மேற்கோள் காட்டப்பட்டு, அகராதியிலும் வரலாற்று இலக்கணத்திலும் புகுந்துவிடும். இல்லாத தமிழுக்குச் சான்று உண்டாக்குவதே அதன் விளைவாகும்.

ஆகவே, தலைப்பிலேயே ‘மீள்மொழிபெயர்ப்பு’ எனக் குறித்தல், இக்கால எளிய உரைநடையைக் கையாளுதல், ஜெர்மன் பாடத்தில் தமிழாகவே நின்ற சொற்களைத் தனி எழுத்தால் காட்டுதல், ‘நாம்/நாங்கள்’ போன்ற ஐயத்திற்குரிய இடங்களில் இரு வடிவங்களையும் தருதல், வினாவையும் பணியாளர் குறிப்புகளையும் நீக்காது உடன் வைத்தல் ஆகியன இன்றியமையாதன. இவற்றால் படிப்போரின் ஓட்டம் ஓரளவு தடைப்படும். எனினும், எது கடிதம் எழுதியவரின் சொல், எது பெயர்த்தோரின் சொல் என்று பிரித்தறிய இயலாத ஆக்கத்தைக் காட்டிலும், ஐயத்தை வெளிப்படக் காட்டும் ஆக்கமே ஆய்வுக்கு உதவும்.