மேடா, பள்ளமா?

காக்களூர் சிட்கோவில் வேலை பார்க்கும் வாசகர் ஒருவர் இரண்டு படங்களை அனுப்பிக் கேள்வி கேட்டிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் நண்பர்களோடு பைக்கில் பழவேற்காடு போயிருக்கிறார்கள். பாலம் தாண்டி, லைட்ஹவுஸ் குப்பம் கடற்கரையில் நாயின் கால்தடங்களைப் படம் பிடித்திருக்கிறார். ஒரு படத்தில் தடங்கள் ஒழுங்காகக் குழிந்திருக்கின்றன. இன்னொன்றில் அதே நாய், அதே மணல், ஆனால் தடங்கள் புடைத்துக்கொண்டு நிற்கின்றன. ஈர மணல் உப்பிவிட்டது என்கிறார் ஒரு நண்பர். போனை மாற்று, 200 மெகாபிக்சல் வாங்கு என்கிறார் இன்னொருவர்.

மெகாபிக்சலுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. போன் கம்பெனிக்காரர்கள் இதைப் படித்தால் வருத்தப்படுவார்கள், படட்டும். புடைத்துத் தெரியும் படத்தைத் திறந்து, ஆட்டோ ரொட்டேட்டை அணைத்துவிட்டு, போனைத் தலைகீழாகத் திருப்புங்கள். மேடெல்லாம் பள்ளமாகிவிடும். கோளாறு கேமராவில் இல்லை, மண்டைக்குள் இருக்கிறது.

படத்துக்கு ஆழம் கிடையாது, வெளிச்சமும் நிழலும்தான். ஒரு குழிக்கு மேல்பக்கத்திலிருந்து வெயில் அடித்தால் அதன் மேல் விளிம்பு இருட்டாகவும் கீழ் விளிம்பு பளிச்சென்றும் இருக்கும். மேட்டுக்கு இது அப்படியே நேர்மாறு. சிக்கல் என்னவென்றால், கீழ்ப்பக்கத்திலிருந்து வெயில் அடிக்கிற குழியும் மேல்பக்கத்திலிருந்து வெயில் அடிக்கிற மேடும் படத்தில் ஒரே மாதிரிதான் விழும். வெயில் எந்தப் பக்கம் என்று தெரியாமல் இரண்டையும் பிரிக்கவே முடியாது. மூளையோ யாரையும் கேட்பதில்லை. வெளிச்சம் மேலேயிருந்துதான் வரும் என்று தானே முடிவு கட்டிவிடுகிறது.

தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனி வாசலில் உட்கார்ந்திருக்கும் வாட்ச்மேனை நினைத்துக்கொள்ளுங்கள். லாரியின் முகம் உள்ளே பார்த்திருந்தால் பதிவேட்டில் ‘இன்’, வெளியே பார்த்திருந்தால் ‘அவுட்’. எழுந்துபோய்ப் பார்ப்பதில்லை. முப்பது வருஷமாக வண்டிகள் அப்படித்தான் வந்து போகின்றன. ஒருநாள் ஒரு டிரைவர் லாரியை ரிவர்ஸிலேயே உள்ளே கொண்டுவருகிறார். வாட்ச்மேன் ‘அவுட்’ என்று எழுதுகிறார். சரக்கு குடோனில் இருக்கிறது, பதிவேட்டில் வெளியே போய்விட்டது. ஸ்டோர் கீப்பர் தலையைப் பிய்த்துக்கொள்கிறார். மேனேஜர் வந்து, “அண்ணே, அது ரிவர்ஸ்ல வந்த வண்டி” என்று விளக்குகிறார். “சரிங்க சார்” என்று தலையாட்டிவிட்டு, அடுத்த ரிவர்ஸ் லாரிக்கும் அவர் ‘அவுட்’ என்றே எழுதுகிறார். இதுதான் விஷயம். அது பள்ளம் என்று உங்களுக்குத் தெரிந்த பிறகும் கண்ணுக்கு மேடாகத்தான் தெரிகிறது. மேனேஜர் சொல்வது வாசல் வரைக்கும் போய்ச் சேர்வதில்லை. அதற்காக வாட்ச்மேனை வேலையை விட்டு நிறுத்தவும் முடியாது. ஒவ்வொரு லாரியாக இறங்கிப்போய்ச் சோதித்தால் வரிசை திருவள்ளூர் ரயில்வே ஸ்டேஷன் வரை நிற்கும். ஆடிட்டர், ஜிஎஸ்டி என்று இன்னும் இழுக்கலாம், வேண்டாம்.

இந்த வாட்ச்மேனுக்கு வானம் எங்கே இருக்கிறதென்றுகூடத் தெரியாது. அவர் கணக்கில் ‘மேலே’ என்றால் உங்கள் தலையின் மேல்பக்கம், அவ்வளவுதான். படத்தை அப்படியே வைத்துவிட்டு, குனிந்து கால்களுக்கு நடுவே தலையை நுழைத்துப் பாருங்கள். அப்போதும் மேடு பள்ளமாகும். தலைகீழாக இருக்கும்போதும் சூரியன் தன் உச்சந்தலைப் பக்கம்தான் என்று மூளை அடம்பிடிக்கிறது. இடுப்புவலி உள்ளவர்கள் போனைத் திருப்புவதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

இது பழக்கத்தில் வந்ததா, பிறவியிலேயே இருப்பதா? 1970இல் ஹெர்ஷ்பெர்கர் என்ற அமெரிக்க உளவியலாளர், வெளிச்சம் கீழேயிருந்து மட்டுமே வரும் கூண்டில் கோழிக்குஞ்சுகளை வளர்த்தார். மேலேயிருந்து வரும் வெளிச்சத்தை அவை பார்த்ததே இல்லை. மேட்டையும் பள்ளத்தையும் பிரித்தறியப் பழக்கிவிட்டு, நிழல் மட்டும் உள்ள படங்களைக் காட்டினார். வெளிச்சம் மேலேயிருந்து வருவதாக வைத்துக்கொண்டுதான் குஞ்சுகள் பதில் சொல்லின. கோழிகளைப் பொறுத்தவரை, வாட்ச்மேன் பதிவேட்டோடுதான் பிறக்கிறார்.

வரலாறும் கொஞ்சம் சொல்லாவிட்டால் ஆசிரியர் கோபிப்பார். 1786இலேயே டேவிட் ரிட்டன்ஹவுஸ் என்ற அமெரிக்க வானியலாளர் இந்த மயக்கத்தைப் பற்றி எழுதிவிட்டார். ஆனாலும் இதைச் சோதனைகளால் பிரித்து மேய்ந்தவர் நம் ஊர்க்காரர்: சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த வி.எஸ்.ராமச்சந்திரன். 1988இல் ‘நேச்சர்’ இதழில் அவர் எழுதிய கட்டுரையில் இருப்பவை நிழல் பூசிய சாதாரண வட்டங்கள்தான். வெளிச்சம் மேலிருந்து வருகிறது, அதுவும் ஒரே ஒரு விளக்கிலிருந்து வருகிறது என்று மூளை எடுத்துக்கொள்வதை அவற்றை வைத்தே அவர் காட்டினார். வரலாறு போதும்.

பழவேற்காட்டுக்கு வருவோம். அங்கே கடல் கிழக்கே, சூரியன் எழுவதும் கடலிலிருந்து. ஸ்டூடியோ அண்ணன்கள் காலங்காலமாகச் சொல்லும் பாடம், வெயில் முதுகுக்குப் பின்னால் இருக்கவேண்டும் என்பது. முகத்தைப் படமெடுக்க அது சரி. தடத்தைப் படமெடுக்கும்போது அதே பாடம் காலை வாரிவிடும். காலையில் கடலுக்கு முதுகைக் காட்டி நின்று கீழே குனிந்து எடுத்தால், வெயில் படத்தின் கீழ்ப்பக்கத்திலிருந்து வருகிறது. குழிகள் எல்லாம் புடைத்துக்கொள்ளும். போதாக்குறைக்கு உங்கள் நிழலே தடத்தின்மேல் விழும். கடலைப் பார்த்து நின்று எடுத்தால் பள்ளம் பள்ளமாகவே இருக்கும். மாலையில் இதற்கு எதிர்ப்பக்கம் திரும்பி நில்லுங்கள். சூரியன் உதித்து முக்கால் மணி நேரத்துக்குள், சுமார் 10 டிகிரி உயரத்தில் இருக்கும்போது, ஒரு சென்டிமீட்டர் ஆழமுள்ள தடத்தின் விளிம்பு ஐந்தரை சென்டிமீட்டர் நீளத்துக்கு நிழல் போடும். ஏப்ரல் கடைசியில் நடுப்பகலில் போனால் சூரியன் தலைக்கு நேர் மேலே. நிழல் இல்லை, தடமும் இல்லாதது போலத்தான்.

நாய்த்தடம் மேடாகத் தெரிந்தால் யாருக்கும் நஷ்டமில்லை. ஆமைத்தடம் வேறு. ஜனவரியிலிருந்து நம் கரைக்கு முட்டையிட வரும் பங்குனி ஆமை, துடுப்புகளை இடம் வலமாக மாற்றி மாற்றிப் போட்டு ஊர்கிறது. முக்கால் மீட்டர் அகலத்தில், வரிசை தப்பிய காற்புள்ளிகளாக மணலில் தடம் விழும். பேராமை முன்துடுப்புகள் இரண்டையும் ஒருசேரப் போட்டு இழுப்பதால் அதன் தடம் இருபக்கமும் ஒன்றுபோல இருக்கும். எந்த ஆமை என்பதை இப்படிச் சொல்லிவிடலாம். எந்தப் பக்கம் போனது என்பதைச் சொல்லத்தான் மேடு பள்ளம் வேண்டும். துடுப்பு மணலைப் பின்னால் தள்ளுகிறது. ஒவ்வொரு குழிக்கும் பின்னே ஒரு சிறு மணல்குவியல் இருக்கும். குவியல் இருக்கும் பக்கம் ஆமையின் பின்பக்கம். படம் புரண்டால் குவியல் குழியாகிறது, குழி குவியலாகிறது. கடலுக்குத் திரும்பிய ஆமை கரையேறி வந்ததாகிவிடும்.

இந்தத் தடங்களை வைத்தே ஒரு மனிதர் இந்தியக் கடற்கரையை அளந்திருக்கிறார். சென்னை ஐஐடிக்குப் பொறியியல் படிக்க வந்த சதீஷ் பாஸ்கர், 1970களின் பிற்பகுதியிலிருந்து 4,000 கிலோமீட்டருக்கு மேல் நடந்தே போய், ஆமைத்தடங்களையும் கூடுகளையும் எண்ணிக் குறித்தார். அவருடைய கருவிகள் காலும் கண்ணும் நோட்டுப்புத்தகமும். இன்று படத்தைக் காட்டினால் விலங்கின் பெயரைச் சொல்வதாகச் செயலிகள் வந்திருக்கின்றன. நாய்த்தடத்தைப் போட்டு ‘ஊருக்குள் சிறுத்தை’ என்று வாட்ஸ்அப்பில் கிளப்பிவிடுகிறவர்களுக்கு அவை வசதியாக இருக்கும். (சிறுத்தை நடக்கும்போது நகத்தை உள்ளிழுத்துக்கொள்ளும், நாய்த்தடத்தில் நகமுனை பதியும். இதற்குச் செயலி எதற்கு?) தடத்தை அளவுக்கு மீறி நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு ராஜஸ்தானின் சரிஸ்கா இருக்கிறது. கால்தடத்தை வைத்துப் புலிகளை எண்ணும் முறையில் அங்கே ஏட்டில் புலிகள் இருந்துகொண்டே இருந்தன. காட்டில் 2004 முடிவதற்குள் ஒன்றுகூட மிஞ்சவில்லை. அதன்பிறகுதான் நாடு முழுக்கத் தானியங்கிக் கேமராக்கள் வந்தன.

வாட்ச்மேனைத் திருத்தவே முடியாதா என்றால், கொஞ்சம் முடியும். 2004இல் வெளியான ஒரு ஆய்வில், படத்தில் பார்க்கும் மேடு பள்ளங்களைக் கையால் தொட்டும் பார்க்கவைத்தார்கள். வெளிச்சம் பக்கவாட்டில் நகர்ந்திருப்பதாகத் தொடுதல் சொல்லிக்கொண்டே இருந்ததில், பார்த்தவர்களின் ‘மேலே’ சில டிகிரி நகர்ந்தது. படத்தைத் தொட்டுப் பார்க்க வழியில்லை. ஆனால் எடுக்கும்போதே தடத்துக்குப் பக்கத்தில் மணலில் ஒரு தீக்குச்சியை நட்டுவிட்டால், வெயில் எந்தப் பக்கமிருந்து வந்தது என்பது அதன் நிழலோடு படத்திலேயே பதிந்துவிடும். அளவு தெரிய ஒரு நாணயத்தையும் வையுங்கள். இரவில் மட்டும் இந்த விளையாட்டு வேண்டாம். டார்ச்சும் ஃபிளாஷும் முட்டையிட வரும் ஆமையைத் திருப்பி அனுப்பிவிடும், குஞ்சுகளுக்குத் திசை தப்பவைக்கும். விடிந்த பிறகு போனால் போதும், தடம் அங்கேயேதான் இருக்கும். தீப்பெட்டி விலை 2 ரூபாய்.