நிமோனியாவுக்கு லைட் ட்ரீட்மென்ட்... வாட்ஸ்அப் வீடியோவில் எவ்வளவு உண்மை?

போன மாதம் எங்கள் அம்மாச்சியை நிமோனியாவுக்காக ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தோம். இரண்டாவது நாளே ஃபேமிலி வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு வீடியோ. 'சிவப்பு லைட்டை நெஞ்சில் காட்டினால் சளி கரைந்துவிடும், ஊசியே தேவையில்லை' என்றது. அனுப்பியவர் நன்றாகப் படித்த மாமா. கீழே அந்த லைட்டை வாங்க லிங்க் வேறு. "வாங்கிடலாமாடி?" என்று அம்மா கேட்டார். பதில் தெரியாமல்தான் தேட ஆரம்பித்தேன்.

முழுக்கப் பொய் என்று ஒதுக்கிவிட முடியவில்லை. 2020-ல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாகாணத்தில், லோவல் நகர மருத்துவமனையில் இதை முயன்றிருக்கிறார்கள். முயன்றவர் ஸ்காட் சிக்மன். அவர் எலும்பு மருத்துவர், மூட்டு வலிக்கு லேசர் கொடுத்துப் பழகியவர். கொரோனாவால் நுரையீரல் மோசமாகப் பாதிக்கப்பட்ட 57 வயதுக்காரரைக் குப்புறப் படுக்க வைத்து, முதுகுப் பக்கமாக லேசர் ஒளியைச் செலுத்தினார்கள். தினமும் 28 நிமிடம், மொத்தம் 4 நாள். நிமிடத்துக்கு 2 முதல் 4 லிட்டர் வரை ஆக்சிஜன் தேவைப்பட்டவருக்கு அது 1 லிட்டராகக் குறைந்தது.

அது கண்ணுக்கே தெரியாத அகச்சிவப்பு ஒளி. தோலைத் தாண்டி உள்ளே போகும். செல்லுக்குச் சக்தி தயாரித்துத் தரும் மைட்டோகாண்ட்ரியாவைத் தூண்டி வீக்கத்தைத் தணிக்கும் என்பது ஆய்வாளர்களின் விளக்கம். கிருமியைக் கொல்வது இதன் வேலை இல்லை.

அடுத்ததாக 10 பேரை வைத்து அங்கே ஒரு சிறு ஆய்வு நடந்தது. லேசர் பெற்ற 5 பேரில் யாருக்கும் ஐ.சி.யூ தேவைப்படவில்லை. கேட்கச் சந்தோஷமாக இருக்கிறது. ஆனால், 5 பேர் என்பது ஒரு ஆட்டோவில் அடைத்துக்கொண்டு போகிற கூட்டம்தானே!

பிரேசிலில் இன்னும் கறாராகச் சோதித்தார்கள். வென்டிலேட்டரில் இருந்த 30 கொரோனா நோயாளிகளில் பாதிப் பேருக்கு நிஜக் கருவி, மீதிப் பேருக்கு ஒளி வராத டம்மி கருவி. சுவாசத் தசை, சில ரத்தப் பரிசோதனைகளில் முன்னேற்றம் தெரிந்தது. ஐ.சி.யூ-வில் இருந்த நாள்களில் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இல்லை.

இந்த எல்லா ஆய்வுகளிலும் வழக்கமான சிகிச்சையை யாரும் நிறுத்தவில்லை. ஒளி அதற்குத் துணை. வீடியோவில் காணாமல் போனது இந்த ஒரு வரிதான்.

ஒளியை நம்பிய காலம் நம் ஊரிலும் இருந்தது. சானடோரியம் ஸ்டேஷனைத் தாண்டித்தான் தினமும் ஆபீஸ் போகிறேன். 1928-ல் டாக்டர் சௌரி முத்து அங்கே காசநோய் மருத்துவமனை தொடங்கியபோது காசநோய்க்கு மருந்தே கிடையாது. காற்று, வெயில், ஓய்வு, நல்ல சாப்பாடு... அவ்வளவுதான் வைத்தியம். மருந்துகள் வந்த பிறகு, 1956-ல் சென்னையில் ஓர் ஆய்வு தொடங்கியது. 193 நோயாளிகளில் ஒரு பகுதியினர் சானடோரியத்தில், மற்றவர்கள் நெருக்கடியான சொந்த வீடுகளில். இரு தரப்புக்கும் ஒரே மருந்து, ஓராண்டுக்கு. வீட்டில் இருந்தவர்களுக்குச் சத்தான சாப்பாடும் குறைவு, ஓய்வும் குறைவு. ஆனாலும் ஏறக்குறைய அதே அளவுக்குக் குணமானார்கள். காப்பாற்றியது மருந்து என்பது அப்போது தெளிவானது. உலகமே காசநோய்க்கு வீட்டுச் சிகிச்சைக்கு மாற அந்தச் சென்னை ஆய்வு முக்கியக் காரணம்.

இன்னொரு விஷயம். ஆன்லைனில் 'தெரபி லைட்' என்று தேடினால் கிருமி கொல்லும் 'யூவி-சி' விளக்குகளும் கலந்து வருகின்றன. அவை ஆளில்லாத அறையைச் சுத்தம் செய்ய உதவுபவை. உடம்பில் அடித்தால் தோலும் கண்ணும் புண்ணாகிவிடும். நோயாளியை வெயிலில் உட்கார வைக்க நினைத்தாலும், ஆக்சிஜன் ட்யூபை நாமாகக் கழற்றக் கூடாது. நர்ஸிடம் கேட்டுக்கொண்டுதான் செய்ய வேண்டும்.

நாங்கள் லைட் வாங்கவில்லை. ஊசியும் ஆக்சிஜனும் தொடர்ந்தன. பகலா, ராத்திரியா என்று தெரியாமல் அம்மாச்சி குழம்பியபோது, டூட்டி டாக்டரே ஜன்னலோரக் கட்டிலுக்கு மாற்றச் சொன்னார். மறுநாள் காலை கண் விழித்ததும் அம்மாச்சி கேட்டது, "மணி எட்டாச்சா, இன்னும் காபி வரலை?"