சம்பளத்துக்குப் போர், சேமிப்பெல்லாம் ஓவியம்: 380 ஆண்டுகள் ஆண்ட கொன்சாகா குடும்பத்தின் கணக்கு என்ன?

வட இத்தாலியில் மாந்துவா என்று ஒரு சின்ன ஊர். மூன்று பக்கம் ஏரி. மேற்கே மிலான், கிழக்கே வெனிஸ். இரண்டும் எப்போது வேண்டுமானாலும் விழுங்கிவிடக்கூடிய பெரிய அரசுகள். இந்த இடுக்கில் 1328-ல் ஆட்சியைப் பிடித்த கொன்சாகா குடும்பம், 1708 வரை அசையவில்லை. மறுமலர்ச்சிக் கால ஐரோப்பாவின் மிகச் சிறந்த கலைச் சேகரிப்புகளில் ஒன்றும் அவர்களிடம்தான் இருந்தது.

சரி, இதற்கெல்லாம் பணம் எங்கிருந்து வந்தது?

ஃபுளோரன்ஸின் மெடிசி குடும்பத்துக்கு வங்கி இருந்தது. வெனிஸுக்குக் கடல் வணிகம். கொன்சாகாக்களிடம் நிலமும் நல்ல குதிரைப் பண்ணைகளும் உண்டு. ஆனால், அவர்களுடைய உண்மையான தொழில் போர். சொந்தப் போர் அல்ல, அடுத்தவர் போர்.

எத்தனை குதிரை வீரர்கள், எத்தனை மாதம், எவ்வளவு சம்பளம் என்று எழுதி ஒப்பந்தம் போடுவார்கள். அதற்குப் பெயர் ‘கொண்டொத்தா’. சண்டையே நடக்காவிட்டாலும் குறைந்த விகிதத்தில் பணம் வரும். மாந்துவாவின் அரசர் தன் படையோடு எதிரி பக்கம் போகாமல் இருந்தாலே போதும் என்று மிலானும் வெனிஸும் நினைத்தன. விற்பனைக்கு இருந்த சரக்கில் பாதி அதுதான். குடும்பத்துக்குள்ளேயே இது விபரீதமானது. லுதோவிகோ கொன்சாகா மிலான் பக்கம் நிற்க, தம்பி கார்லோ வெனிஸ் பக்கம் சேர்ந்து 1453-ல் அண்ணனோடு மோதித் தோற்றார்.

ஓவியருக்கும் மாதச் சம்பளம்

இதே லுதோவிகோதான் ஓவியர் மாந்தேன்யாவை 1460-ல் மாந்துவாவுக்கு அழைத்து வந்தார். மாதம் 15 டுகாட், குடியிருக்க வீடு, தானியம், விறகு. 1474-ல் அவர் வரைந்து முடித்த அரண்மனை அறையில் குடும்பமே சுவரில் இருக்கிறது, லுதோவிகோவின் நாற்காலிக்கு அடியில் நாய் உட்பட!

வெளியே பகட்டு, கஜானா நிலைமை வேறு. 1478-ல் மாந்தேன்யா பாக்கியைக் கேட்டு எழுதியபோது, வருமானம் முன்போல இல்லை, நகைகள் அடகில் கிடக்கின்றன என்ற பொருளில் பதில் எழுதினார் லுதோவிகோ.

தொழிலின் ஆபத்து அடுத்த தலைமுறைகளில் தெரிந்தது. லுதோவிகோவின் பேரன் பிரான்செஸ்கோ, 1495-ல் வெனிஸின் தளபதி. 1509-ல் அதே வெனிஸ் அவரைப் பிடித்துச் சிறையில் போட்டது; இந்த முறை அவர் எதிரணியில் இருந்தார். சுமார் ஒரு வருடம் ஆட்சியை நடத்தியவர் மனைவி இசபெல்லா தெஸ்தே. லியோனார்டோ டா வின்சியிடம் தன் உருவப்படம் கேட்டு விடாமல் நச்சரித்தவராக (கிடைத்தது ஒரு கோட்டோவியம் மட்டும்) இவரைப் பலருக்குத் தெரியும். ஆனால், கணவரின் விடுதலைக்கான பேரத்தில் பத்து வயது மகனைப் பிணையாக ரோமுக்கு அனுப்ப வேண்டி வந்ததும் இவர்தான்.

சம்பளம் நின்றது, செலவு நிற்கவில்லை

1530-ல் பேரரசர் ஐந்தாம் சார்லஸ் இவர்களுக்கு ‘டியூக்’ பட்டம் தந்தார். கௌரவம் கூடியது, பிழைப்பு போனது. இத்தாலியின் பெரும்பகுதி ஸ்பெயினின் பிடிக்குள் போன பிறகு, சின்ன அரசர்களை மாறி மாறி வாடகைக்கு எடுக்க யார் இருக்கிறார்கள்?

முதலாம் வின்சென்சோவுக்கு அது உறைக்கவே இல்லை. ரூபன்ஸ் அரண்மனை ஓவியர். மான்டெவெர்டியின் ‘ஓர்ஃபியோ’ இசை நாடகம் 1607-ல் அரங்கேறியது இவர் அவையில்தான். தாத்தாக்கள் காசு வாங்கிச் சண்டை போட்டார்கள். இவர் ஒட்டோமான்களுக்கு எதிராக மூன்று முறை கைக்காசு போட்டு ஹங்கேரிக்குப் படையெடுத்தார்.

பில் மகன்கள் தலையில் விழுந்தது. 1627-ல் சேகரிப்பின் பெரும்பகுதி இங்கிலாந்து மன்னர் முதலாம் சார்லஸுக்கு விலை பேசப்பட்டது. அதே ஆண்டு நேரடி வாரிசு இல்லாமல் இரண்டாம் வின்சென்சோ இறக்க, வாரிசுப் போர் வெடித்தது. 1630-ல் பேரரசின் படை நகரைச் சூறையாடி, மிச்சத்தையும் அள்ளிப்போனது.

வாங்கியவருக்கும் அது நிலைக்கவில்லை. 1649-ல் சார்லஸின் தலை வெட்டப்பட்டது. படங்கள் மறுபடி விற்பனைக்கு வந்தன. வின்சென்சோ வாங்கிய கரவாஜியோ இன்று பாரிஸின் லூவ்ரில். மாந்தேன்யாவின் ‘சீசரின் வெற்றி ஊர்வலம்’ ஒன்பது படங்களும் லண்டன் ஹாம்ப்டன் கோர்ட் அரண்மனையில்.