வரவேற்பு என்ற பெயரில் ராகிங்: புகாரை எங்கே, எப்படிக் கொடுப்பது?

தமிழ்நாட்டில் விடுதியுடன் இயங்கும் கல்லூரிகளில் முதலாண்டு வகுப்புகள் தொடங்கும் பருவத்தில் ஆண்டுதோறும் ஒரே தவறு நடக்கிறது. ராகிங்குக்கு ஆளான மாணவர் அழுதுகொண்டே வீட்டுக்குத் தொலைபேசியில் சொல்கிறார். பெற்றோர் இரவோடு இரவாகப் பேருந்து பிடித்து வந்து வார்டனிடம் வாய்மொழியாக முறையிடுகிறார்கள். வார்டன் அந்தச் சீனியர்களைக் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்க வைக்கிறார். விஷயம் முடிந்ததென்று எல்லோரும் கலைந்துவிடுகிறார்கள். அடுத்த வாரம் அதே அறைக் கதவு நள்ளிரவில் மீண்டும் தட்டப்படும்போது, முதலில் ஒரு புகார் சொல்லப்பட்டது என்பதற்குத் துண்டுச் சீட்டுகூட யாரிடமும் இருப்பதில்லை. விளைவு, மாற்றுச் சான்றிதழை வாங்கிக்கொண்டு ஊர் திரும்புவது பெரும்பாலும் பாதிக்கப்பட்ட மாணவராகவே இருக்கிறார்.

அடிப்பதும் ஆடையைக் களையச் சொல்வதும் மட்டுமே ராகிங் என்ற எண்ணம் இன்னும் பரவலாக இருக்கிறது. 1996 நவம்பரில் அண்ணாமலைநகரில் மருத்துவக் கல்லூரி முதலாண்டு மாணவர் பொன் நாவரசு கொல்லப்பட்டதைத் தொடர்ந்து முதலில் அவசரச் சட்டமாகவும், 1997இல் முழுச் சட்டமாகவும் வந்த தமிழ்நாடு ராகிங் தடைச் சட்டத்தின் வரையறை இதைவிட மிக விரிவானது. உடலுக்கோ மனத்துக்கோ ஊறு செய்வதோடு, அச்சமோ வெட்கமோ கூச்சமோ உண்டாக்குவதையும், ஒரு மாணவர் இயல்பாக விரும்பிச் செய்யாத ஒன்றைச் செய்யச் சொல்வதையும் அது ராகிங் என்றே கொள்கிறது. தண்டனை இரண்டாண்டு வரை சிறையும் 10,000 ரூபாய் வரை அபராதமும் ஆகும். பல்கலைக்கழக மானியக் குழு (யு.ஜி.சி.) 2009இல் கொண்டுவந்த விதிமுறைகள், சீனியரின் பாட வேலைகளைச் செய்ய வைப்பதையும் கட்டாயப்படுத்திச் செலவு செய்ய வைப்பதையும் இதில் சேர்க்கின்றன; சாதி, மதம், நிறம், பாலினம், பிறந்த ஊர், பொருளாதார நிலை ஆகியவற்றைச் சுட்டி இழிவுபடுத்துவதும் ஒதுக்கிவைப்பதும் 2016ஆம் ஆண்டுத் திருத்தத்தால் ராகிங் ஆயின.

ஆகவே, இரவு பதினொரு மணிக்குப் புதிய மாணவரை எழுப்பி, தலையைக் குனிந்து நிற்க வைத்து, பெயர், ஊர், அப்பாவின் தொழில் என வரிசையாகச் சொல்லச் சொல்லி, தடுமாறினால் மறுபடி முதலிலிருந்து ஒப்பிக்க வைக்கும் 'இன்ட்ரோ' என்ற வழக்கம், பழகிக்கொள்வதற்கான வழி என்று எத்தனை பேர் வாதாடினாலும், வரையறைப்படி ராகிங்தான். ரெக்கார்டு நோட்டை எழுதித் தரச் சொல்வதும், வாட்ஸ்அப் குழுவில் சேர்த்துக் கட்டளைகள் இடுவதும் அப்படியே. உண்மையான வரவேற்பு எப்படி இருக்க வேண்டும் என்பதையும் அதே யு.ஜி.சி. விதிமுறைகள் சொல்லியிருக்கின்றன. புதிய மாணவர்களைச் சிறு குழுக்களாகப் பிரித்து, ஒவ்வொரு குழுவுக்கும் ஓர் ஆசிரியரைப் பொறுப்பாக்க வேண்டும். கூடியவரை அவர்களைத் தனி விடுதிப் பிளாக்கில் தங்க வைக்க வேண்டும். யாரை எந்த எண்ணில் அழைக்கலாம் என்று அச்சிட்ட தாளைச் சேரும்போதே கொடுக்க வேண்டும். விழா நடத்திப் பூங்கொத்துக் கொடுக்கத் தயங்காத நிர்வாகங்கள், இந்த ஒற்றைத் தாளைக் கொடுப்பதில் காட்டும் அலட்சியம் மன்னிக்கத்தக்கதன்று. தாள் வராவிட்டால் முதல் நாளே கேட்டு வாங்க வேண்டும்.

சேர்க்கையின்போது மாணவரும் பெற்றோரும் தனித்தனியே கொடுக்கும் ராகிங் எதிர்ப்பு உறுதிமொழியும் இதே அலட்சியத்துக்கு ஆளாகிறது. கணினி மையத்தில் யாரோ ஒருவர் நிரப்பிக் கொடுக்க, குடும்பத்தில் எவரும் படிக்காமலேயே அது ஏறிவிடுகிறது. ராகிங் செய்தாலோ அதற்குத் துணைபோனாலோ வரும் தண்டனையைத் தெரிந்தே ஏற்பதாக மாணவர் தரும் வாக்கு அது என்பதால், அடுத்த ஆண்டு அவர் சீனியராகும்போது தெரியாமல் செய்தேன் என்ற சமாதானம் எடுபடாது. அதற்குரிய பதிவெண்ணைக் குறித்துவைப்பது அவசியம்.

இனி, புகார். 1997ஆம் ஆண்டுச் சட்டப்படி, மாணவர் ஒருவர் ராகிங் பற்றி முறையிட்டதும் கல்லூரித் தலைவர் உடனே விசாரித்து, உண்மையெனக் கண்டால் குற்றம் செய்தவரை இடைநீக்கம் செய்ய வேண்டும். அப்படிச் செய்யத் தவறினால் அவரே குற்றத்துக்கு உடந்தையாக இருந்தவராகக் கருதப்படுவார். யு.ஜி.சி. விதிமுறைகளோ, தகவல் கிடைத்ததும் குற்றவியல் சட்டப்படி வழக்குக்கு இடமிருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் 24 மணி நேரத்துக்குள் காவல்துறையில் முதல் தகவல் அறிக்கை (எஃப்.ஐ.ஆர்.) பதியச் செய்யும் கடமையை நிறுவனத் தலைவர்மீது சுமத்துகின்றன. இவ்விரண்டு கடமைகளும் புகார் கையில் கிடைத்த நேரத்திலிருந்தே கணக்காகின்றன. அந்த நேரத்தை நிறுவுவது எழுத்து ஒன்றே. வார்டனின் அறையில் சொல்லிவிட்டு வந்த புகாருக்கு நேரமும் கிடையாது, சாட்சியும் கிடையாது.

எனவே புகார் வெள்ளைத்தாளில், கல்லூரி முதல்வருக்கும் ராகிங் தடுப்புக் குழுவுக்கும் முகவரியிட்டு எழுதப்பட வேண்டும். நாள், நேரம், பிளாக், அறை எண், என்ன நடந்தது, உடனிருந்தவர் யார் என்பன இடம்பெற வேண்டும்; சொல்லப்பட்ட வார்த்தைகளை, எவ்வளவு அருவருப்பாக இருந்தாலும், சொன்னபடியே எழுத வேண்டும். பட்டியல் சாதி அல்லது பழங்குடி மாணவரைச் சாதிப் பெயர் சொல்லி இழிவுபடுத்தியிருந்தால் 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் பொருந்தக்கூடும் என்பதால், 'தகாத வார்த்தைகளால் திட்டினர்' என்று மழுப்பி எழுதுவது வழக்கையே பலவீனமாக்கிவிடும். செய்தவர்களின் பெயர் தெரியவில்லை என்பது தடையாகாது; ஆளை அடையாளம் காண முடியாதபோது கூட்டாகத் தண்டிக்கவும் விதிமுறைகளில் இடமிருக்கிறது. வாட்ஸ்அப் செய்திகள் இருந்தால், குழுவை விட்டு வெளியேறுவதற்கு முன் திரைப்பிடிப்புகளாக (ஸ்கிரீன்ஷாட்) எடுத்து வீட்டிலுள்ள ஒருவருக்கு அனுப்பிவிட வேண்டும்.

எழுதிய தாளை இரண்டு பிரதிகளாகக் கல்லூரி அலுவலகத்தின் தபால் பிரிவில் கொடுத்து, இரண்டாவது பிரதியில் முத்திரையும் தேதியும் நேரமும் வாங்க வேண்டும். 'சார் வெளியூர் போயிருக்கிறார், நாளைக்கு வாங்க' என்ற பதில் வந்தால் நாளைக்காகக் காத்திருக்காமல், அன்றே அருகிலுள்ள அஞ்சலகத்தில் ஒப்புகையுடன் கூடிய ஸ்பீடு போஸ்டில் அனுப்பி, நகலைக் கல்லூரியின் மின்னஞ்சலுக்கும் அனுப்பிவிடலாம். திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது: ஒப்புகை இல்லாத புகாரை நிர்வாகம் மறுநாளே மறந்துவிடலாம், ஒப்புகை உள்ளதை மறக்க முடியாது.

காயம் இருந்தால், சமாதானப் பேச்சுக்கு முன் அரசு மருத்துவமனைக்குப் போய், காயம் எப்படி ஏற்பட்டது என்று மருத்துவர் பதியும் விபத்துப் பதிவேட்டில் (ஏ.ஆர்.) 'ராகிங்கின்போது தாக்கப்பட்டார்' என்று எழுதச் செய்ய வேண்டும். மாடிப்படியில் வழுக்கி விழுந்ததாகச் சொல்லிவிடு என்று உடன் வரும் விடுதி ஊழியர் சொன்னால், அதைக் கேட்கக் கூடாது. ஒருமுறை அப்படிப் பதிவான பிறகு மாற்றுவது மிகக் கடினம்.

காவல் நிலையத்தில் நடக்கும் ஏமாற்றம் வேறு வகையானது. புகாரைப் பெற்றுக்கொண்டு கொடுக்கப்படும் சி.எஸ்.ஆர். என்ற மனு ரசீதை எஃப்.ஐ.ஆர். என்று நம்பிப் பலர் ஊர் திரும்பிவிடுகிறார்கள். சி.எஸ்.ஆர். என்பது மனு வந்தது என்பதற்கான ரசீது மட்டுமே, வழக்கு எஃப்.ஐ.ஆரில்தான் தொடங்குகிறது. அறைக்குள் அடைத்துவைத்தல், மிரட்டிப் பணம் பறித்தல், ஆயுதத்தால் காயப்படுத்துதல் போன்ற பிடியாணை வேண்டாக் குற்றங்களில், அதாவது நீதிமன்ற உத்தரவு இல்லாமலே காவல்துறை விசாரிக்கக்கூடிய குற்றங்களில், எஃப்.ஐ.ஆர். பதிந்து அதன் நகலை இலவசமாகத் தர வேண்டும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173ஆம் பிரிவின்படி, சம்பவம் நடந்த எல்லை எதுவானாலும் எந்தக் காவல் நிலையத்திலும் தகவல் கொடுக்கலாம் என்பதால், சிதம்பரத்தில் நடந்ததைப் பற்றித் திருநெல்வேலிப் பெற்றோர் தம் ஊரிலேயே புகார் அளிக்க முடியும். பதிய மறுத்தால், தகவலின் சாரத்தை எழுதி மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குத் தபாலில் அனுப்ப வேண்டும். அங்கும் பலனில்லை என்றால் நீதித்துறை நடுவரிடம் மனு செய்யலாம்.

கல்லூரிக்குள் யாரையும் நம்ப முடியாத நிலையில் இருப்பவர்களுக்காக, 24 மணி நேரமும் இயங்கும் 1800-180-5522 என்ற தேசிய ராகிங் தடுப்பு உதவி எண் இருக்கிறது. பெயரை வெளியிட வேண்டாம் என்றும் கேட்கலாம். அழைத்தவர் புகார் எண்ணைக் குறித்துக்கொள்ளாமல் இணைப்பைத் துண்டிக்கக் கூடாது. விடுதியில் கைபேசியைப் பிடுங்கி வைத்துக்கொள்ளும் நிர்வாகங்கள், வகுப்பறை, நூலகம் போன்ற இடங்கள் தவிர விடுதியிலும் வளாகத்திலும் கைபேசிக்குத் தடை கூடாது என்ற யு.ஜி.சி. விதியை மீறுகின்றன என்பதைப் பெற்றோர் எழுத்திலேயே சுட்டிக்காட்டலாம். மெஸ் கட்டணம், சான்றிதழை முடக்கிவைத்தல் போன்ற குறைகளுக்கு இந்த வழி அல்லாமல், 2023ஆம் ஆண்டு விதிமுறைகளின் கீழ் அமைந்த மாணவர் குறைதீர்க்கும் குழுவும், அதற்கு மேல் குறைதீர்ப்பாளரும் உண்டு.

சீனியர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். 1997ஆம் ஆண்டுச் சட்டப்படி தண்டனை பெற்றவர் கல்லூரியிலிருந்து நீக்கப்படுவார். வேறெந்தக் கல்வி நிறுவனத்திலும் சேர முடியாது. ராகிங்குக்காகத் தண்டிக்கப்பட்டாரா என்ற விவரம் மாற்றுச் சான்றிதழிலேயே பதிவாகிறது. ஒரு நள்ளிரவு விளையாட்டுக்கு இது மிகப் பெரிய விலை.

பிள்ளையை விடுதியில் விட்டுவிட்டுப் பேருந்து ஏறுவதற்கு முன், பெற்றோர் தபால் பிரிவு எங்கே இருக்கிறது என்று பார்த்துவைக்க வேண்டும். வார்டனின் எண்ணையும் உதவி எண்ணையும் குறித்துக்கொள்ள வேண்டும். பிறகு எந்தப் புகார் கொடுக்க நேர்ந்தாலும், முத்திரை விழுந்த பிரதியை மாணவரின் அறையில் வைக்காமல் வீட்டிலேயே பத்திரப்படுத்துங்கள்.