பேப்பர் படிக்க முடியவில்லை. எழுத மட்டும் முடிந்தது!

துப்பறியும் நாவலாசிரியரைத் தாக்கிய விசித்திர பக்கவாதம்

காலையில் வாசலில் கிடந்த பேப்பரை எடுத்துப் பிரித்தார். ஒரு எழுத்தும் புரியவில்லை. தாய்மொழியான ஆங்கிலமே ஏதோ அயல்நாட்டுப் பாஷை மாதிரி தெரிந்தது. யாரோ விளையாடுகிறார்கள் என்று முதலில் நினைத்தார். அப்புறம்தான் விபரீதம் உறைத்தது.

அவர் ஹோவர்ட் எங்கல். கனடா நாட்டின் டொரண்டோ நகரவாசி. பென்னி கூப்பர்மேன் என்ற துப்பறிவாளரை வைத்து நாவல்கள் எழுதிப் பேர் வாங்கியவர். சம்பவம் நடந்தது 2001-ம் ஆண்டு ஜூலை 31-ந் தேதி.

கை, கால் இழுக்கவில்லை. வாய் கோணவில்லை. மகனையும் கூட்டிக்கொண்டு டாக்சியில் ஆஸ்பத்திரிக்குப் போனார்.

ஒயர் அறுந்தது

சோதனையில் குட்டு வெளிப்பட்டது. மூளையின் பின்பக்கம், இடது பகுதியில் பக்கவாதம். கண் பார்க்கிறது, பார்த்த எழுத்து, படிக்கும் பகுதிக்குப் போய்ச் சேரவில்லை. டெலிபோன் இருக்கு, ஒயர் அறுந்துபோச்சு என்கிற கதைதான்.

எழுதும் பகுதிக்கு எந்தச் சேதமும் இல்லை. பேனாவைக் கொடுத்தால் சரளமாக எழுதினார். எழுதியதைப் படிக்கச் சொன்னால் முழித்தார்! பாரிஸ் டாக்டர் தெஜரின் 1892-லேயே இப்படி ஒரு நோயாளியைப் பற்றி விவரித்திருக்கிறார்.

அதோடு விட்டதா? ஞாபகமும் தடுமாறியது. தெரிந்தவர்கள் பேர் மறந்தது. ஆப்பிளா, ஆரஞ்சா என்று பார்த்ததும் சொல்ல வரவில்லை. எல்லாவற்றையும் ஒரு நோட்டில் குறித்து வைத்துக்கொண்டார்.

நாக்கு படித்தது

ஆனாலும் மனுஷர் விடவில்லை. ஒவ்வொரு எழுத்தின் வடிவத்தையும் வாய்க்குள் நாக்கால் வரைந்து வரைந்து, மெதுவாகப் படிக்கப் பழகினார். கண் மறந்த வேலையை நாக்கு செய்தது!

2005-ல் அடுத்த நாவல் வந்தது. அதில் கூப்பர்மேன் மண்டையில் அடிபட்டு, படிக்க முடியாமல் ஆஸ்பத்திரியில் இருந்தபடியே துப்பு துலக்குகிறார். பின்னுரை எழுதியவர் நியூயார்க் நரம்பியல் டாக்டர் ஆலிவர் சாக்ஸ்.

இதைவிடப் பொல்லாத ரகமும் உண்டு. மூளையின் நடுவே இருக்கும் தாலமசின் இரு பக்கத்துக்கும் சிலருக்கு ஒரே சிறு ரத்தக்குழாய்தான் கிளை விடுகிறது. அது அடைத்தால் ஆசாமி எழுப்ப எழுப்பத் தூங்குவார். தெளிந்த பிறகும் நேற்று நடந்தது நினைவில் நிற்காமல் போகலாம். ரோட்டில் கிடந்தால் "குடிச்சுட்டுக் கிடக்கான்" என்றுதான் ஊர் சொல்லும். ரத்தக் கட்டியைக் கரைக்கும் மருந்துக்கோ பொதுவாக நாலரை மணி நேரம்தான் கெடு!

எங்கல் 2008-லும் ஒரு கூப்பர்மேன் நாவல் வெளியிட்டார். 2019 ஜூலையில் 88-வது வயதில் காலமானார்.