சொட்டுவாயை அடைக்கும் சுண்ணாம்பு

கோவை மாவட்டத்தில் பல ஆழ்குழாய்க் கிணறுகளின் தண்ணீர் கடினமானது. சொட்டுநீர்ப் பாசனம் நின்றதும் கருங்குழாயில் தேங்கிய நீர் வெயிலில் சூடேறும். கரைந்திருக்கும் கால்சியம் பைகார்பனேட் கரியமில வாயுவை இழந்து, கால்சியம் கார்பனேட்டாகச் சொட்டுவாயில் படியும். வாழை வாடிய பிறகே பலருக்கு இது தெரிய வருகிறது.

அடுத்தடுத்த தோட்டமாயினும் ஒன்றில் சீக்கிரமும் மற்றதில் மெல்லவும் அடைப்பதேன்? மக்னீசியமும் ஒரு காரணம். கால்சைட் என்னும் உறுதியான படிகம் வளரும் விளிம்புகளில் மக்னீசிய அயனி புகுந்து வளர்ச்சியைத் தடுக்கிறது. மக்னீசியம் மிகுந்தால், சற்றுக் கூடுதலாகக் கரையக்கூடிய, ஊசி போன்ற அரகோனைட் உண்டாகும். துத்தநாகம் சிறிதளவே இருந்தாலும் கால்சைட்டைத் தடுக்கும். அதற்காகத் துத்தநாக சல்பேட்டைக் குழாயில் கலந்துவிட வேண்டாம். படிவு தாமதப்படுமே தவிர நிற்காது.

படிவின்மேல் இரண்டு சொட்டு ஹைட்ரோகுளோரிக் அமிலம் விட்டுப் பாருங்கள். பொங்கினால் சுண்ணாம்பு. பொங்காமல் செந்நிறமாக இருந்தால் பெரும்பாலும் இரும்பு. சுண்ணாம்பானால் அமில நீர் செலுத்திக் கழுவலாம். அளவை நீர்ப் பரிசோதனை பார்த்தே முடிவு செய்ய வேண்டும். தண்ணீரில்தான் அமிலத்தை ஊற்ற வேண்டும். மாற்றிச் செய்தால் தெறித்துக் கண்ணைக் கெடுக்கும்.

பரிசோதனைக்கு, மோட்டாரைச் சிறிது நேரம் ஓடவிட்டுச் சுத்தமான பாட்டிலில் விளிம்புவரை பிடித்து அன்றே கொடுங்கள். வைத்திருந்தால் சுண்ணாம்பு பாட்டிலிலேயே படிந்துவிடும்.